இல்லாத அறைகளில் அத்தையைத் தேடுகிறேன்: வாசகியின் கனவும் மனநல மருத்துவரின் பதிலும்

நாற்பது வயதைக் கடந்த வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். பள்ளிப் பருவத்தில் 6 ஆண்டுகள் இவரைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தவர் இவருடைய அத்தை. பிள்ளைகள் இல்லாத அந்த அத்தை 14 மாதங்களுக்கு முன் காலமானார். வீடு அன்று முதல் பூட்டிக் கிடக்கிறது. சாவி இவரிடம்தான் இருக்கிறது; ஆனாலும் இவர் ஒரு முறைகூட உள்ளே போகவில்லை. கடந்த 3 மாதங்களில் ஒரே கனவு, சிறு சிறு மாற்றங்களோடு, 5 முறை வந்திருக்கிறது. கனவில் இவர் தனியாக அந்த வீட்டுக்குள் நுழைகிறார். சமையலறையை ஒட்டிய சாமான் அறையின் பின்சுவரில், நிஜத்தில் இல்லாத ஒரு கதவு இருக்கிறது. திறந்தால் நீண்ட நடை, இருபுறமும் அறைகள். எல்லா அறைகளும் பெருக்கித் துடைத்து, விளக்கெரிய, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கின்றன. ஓர் அறையில் அத்தையின் தையல் இயந்திரம். ஊசிக்கடியில் பாதி தைத்த துணி அப்படியே நிற்கிறது. இன்னோர் அறையில் பீரோ. அதைத் திறந்து எதையோ தேடுகிறார். என்ன தேடுகிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. அப்போது பக்கத்து அறையில் அத்தை இருமுவது கேட்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் அத்தை இல்லை. கட்டிலின் விரிப்பு மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அத்தோடு விழிப்பு வந்துவிடுகிறது.

பயத்தைவிட, அனுமதி கேட்காமல் ஒருவருடைய வீட்டைத் துழாவிவிட்ட குற்ற உணர்வே விழித்த பிறகு மிஞ்சுகிறது என்கிறார். அத்தையின் ஆன்மா அமைதியடையவில்லை, வீட்டில் மறைத்து வைத்த எதையோ எடுக்கச் சொல்கிறார் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். இறந்தவர் வீட்டைக் கனவில் கண்டால் குடும்பத்தில் இன்னொரு சாவு விழும் என்று இன்னொருவர் பயமுறுத்தியிருக்கிறார். வீட்டைக் காலி செய்து விற்றுவிடலாம் என்று அண்ணனும் சித்தப்பா பிள்ளைகளும் வற்புறுத்த, கனவுக்குப் பொருள் தெரியும்வரை சாவியைத் தர முடியாது என்று இவர் மறுத்து வருகிறார். கனவுக்குப் பயந்து, மாமியாருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியைச் சில இரவுகளில் விழுங்குகிறார். கணவர், "வெறும் கனவுதானே, விட்டுத் தள்ளு" என்கிறார். அத்தை என்னிடம் என்ன கேட்கிறார், எனக்கு மனநோய் வந்துவிட்டதா, வீட்டை விற்க விடலாமா என்பவை இவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளில் நடுக்கேள்விதான் உங்களை அதிகமாக அரிக்கிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நெருங்கிய ஒருவரை இழந்தவர்களுக்கு அவரைப் பற்றியோ அவர் வாழ்ந்த இடத்தைப் பற்றியோ கனவு வருவது நோயின் அறிகுறி அன்று. என்னிடம் வருகிறவர்களில் பலர், வந்த காரியத்தைப் பேசி முடித்து, எழுந்து போகும் நேரத்தில்தான் தயங்கித் தயங்கி இப்படி ஒரு கனவைச் சொல்வார்கள். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் வேலைக்குப் போய் வருகிறீர்கள், பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கிறீர்கள், கண்டது கனவு என்பதும் விழித்த சில நொடிகளில் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனநோய் என்று அஞ்சும்படியான எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொல்வது மருத்துவ முறை ஆகாது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கனவில் கண்டது யாருடைய கட்டளையும் அன்று, நடக்கப் போவதன் முன்னறிவிப்பும் அன்று. ஆனால் விழித்தெழுந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் நெஞ்சை அழுத்துகிறதே ஒரு குற்ற உணர்வு, அது உண்மையானது. அதை விட்டுத் தள்ளச் சொல்வதால் அது போய்விடாது.

இந்தக் கனவு ஏன் இப்போது வந்தது?

முதல் 11 மாதங்களில் இந்தக் கனவு ஒரு முறையும் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டைக் காலி செய்வது பற்றி அண்ணன் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியது 3 மாதங்களுக்கு முன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு செய்திகளும் கடிதத்தின் வெவ்வேறு பக்கங்களில் தனித்தனியாக நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விளக்கம் கிடைத்துவிடுகிறது. பகலில் மனத்தைத் தொட்டவற்றின் மிச்சம் இரவில் கனவுக்குள் நுழைகிறது என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு நூறாண்டுகளுக்கு முன்பே எழுதினார். அவருடைய கருத்துகள் பலவற்றை இன்றைய உளவியல் ஏற்பதில்லை என்றாலும், இந்த ஒன்று பிற்கால ஆய்வுகளிலும் நிலைத்திருக்கிறது. வீட்டைத் திறக்க வேண்டும், பீரோவைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வாரந்தோறும் உங்கள் காதில் விழுகிறது. பகலில் நீங்கள் போக மறுக்கும் வீட்டுக்கு உறக்கத்தில் போய் வருகிறீர்கள்.

துக்கம் ஐந்து கட்டங்களைக் கடந்து ஓராண்டில் அடங்கிவிடும் என்று படித்ததாகவும், அப்படியானால் உங்களுக்கு மட்டும் இன்னும் ஏன் அடங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தவறான எண்ணத்தைப் பலரிடம் பார்க்கிறேன். அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் விவரித்தது, குணமாகாத நோயோடு தாமே சாவை எதிர்கொண்டிருந்தவர்களிடம் பேசியதன் அடிப்படையில். உயிரோடு மிஞ்சுகிறவர்களுக்கு அது ஒரு கால அட்டவணை அன்று. துக்கம் வரிசையாகப் படியிறங்குவதில்லை. வீடு விற்பனை, திருமணம், ஒரு பழைய புகைப்படம் என்று ஏதோ ஒன்று தட்டியெழுப்பினால் திரும்பி வரும், பிறகு தணியும்.

இல்லாத அறைகள் எங்கிருந்து வந்தன?

உறக்கத்தில் கண்விழிகள் மூடிய இமைகளுக்குள் வேகமாக அசையும் ஒரு நிலை இருப்பதை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டார்கள். காட்சியும் கதையுமாக நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில் வருகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை திரும்பி வரும் அந்த நிலை, இரவு முடிய முடிய நீண்டுகொண்டே போகிறது. அதனால்தான் உங்கள் கனவு விடியும் நேரத்தில் நீளமாக வருகிறது, அதன் நடுவிலேயே விழிப்பும் வருவதால் நினைவிலும் தங்குகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று உங்களிடம் யாரோ சொன்னதற்கு வேறு அடிப்படை இல்லை.

அந்த உறக்க நிலையில், 'இது எப்படி இருக்க முடியும்?' என்று குறுக்குக் கேள்வி கேட்கும் மூளையின் முன்பகுதி அடங்கியிருக்கிறது. உணர்ச்சிகளுக்குரிய பகுதிகளோ சுறுசுறுப்பாக இருக்கின்றன. ஆகவேதான் சுவரில் இல்லாத கதவைக் கண்டும் நீங்கள் வியக்கவில்லை. அத்தை காலமானதும் அந்த நேரத்தில் உங்களுக்கு நினைவு வரவில்லை. இருமல் கேட்டதும் இயல்பாக ஓடுகிறீர்கள். வீட்டில் தெரியாத அறைகளைக் கண்டுபிடிக்கும் கனவு பலருக்கு வருவதுதான், யாரையும் இழக்காதவர்களுக்கும் வருகிறது.

இடங்களை நினைவில் வைப்பதற்கென்றே மூளையில் ஏற்பாடு உண்டு. ஓர் இடத்தின் குறிப்பிட்ட மூலைக்குப் போகும்போது மட்டும் இயங்கும் உயிரணுக்களை நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971-ல் எலிகளின் மூளையில் கண்டறிந்தார். அந்தத் துறைக்கு 2014-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த உயிரணுக்கள் இருக்கும் அதே பகுதிதான் நம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதிலும் பெரும் பங்கு வகிக்கிறது. உங்களைப் பொறுத்தவரை அத்தையும் அந்த வீடும் தனித்தனி நினைவுகளாக இருக்க முடியாது. அவரைத் தேடும் மனம் அந்த வீட்டில்தான் தேடும். வீட்டில் இல்லை என்றாலும் தேடல் நிற்காதபோது, வீட்டை நீட்டிக்கொண்டே போகும். இந்தக் கடைசி இரண்டு வரிகளுக்கு ஆய்வுக்கூடச் சான்று கிடையாது. இழப்பைச் சுமந்தவர்களின் கனவுகளைக் கேட்டுக் கேட்டு நான் வந்தடைந்த கருத்து அது.

அத்தை ஏதாவது கேட்கிறாரா?

ஆன்மாவைப் பற்றிய உங்கள் நம்பிக்கையில் மருத்துவம் தலையிடாது. ஆனால் ஒரு கனவை ஆதாரமாக வைத்துத் தரையைப் பெயர்க்கவோ, பரணைக் கலைத்துப் புதையல் தேடவோ, பரிகாரம் என்ற பெயரில் யாருக்கும் பணம் கொடுக்கவோ வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கனவில் அத்தை ஒரு சொல்கூடப் பேசவில்லை. 'எடுத்துக் கொடு' என்று அவர் கேட்கிறார் என்பது முழுக்க முழுக்க உறவினர் சேர்த்தது.

இறந்தவர்கள் தோன்றும் கனவுகளை ஆராய்ந்த டெய்ர்ட்ரே பேரட் என்ற அமெரிக்க உளவியலாளர், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சில வகைகளைக் குறித்திருக்கிறார்: இறந்தவர் உயிரோடு திரும்பி வந்திருப்பது, அறிவுரை சொல்வது, விடைபெற்றுப் போவது போன்றவை. உங்கள் கனவில் இவற்றில் எதுவும் முழுமையாக நடப்பதில்லை. அவர் பக்கத்து அறையில் இருக்கிறார், ஆனால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் இல்லாமல் போகிறார். எனக்கு அதில் ஒரு செய்தியைவிட ஏக்கமே தெரிகிறது.

இந்தக் கனவுக்கு இந்தப் பொருள் என்று அடித்துச் சொல்பவர்களை நம்புவதற்கு முன், 1909-ல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். ஃபிராய்டும், அப்போது அவரோடு நெருங்கியிருந்த மனநல மருத்துவர் யுங்கும் சேர்ந்து அமெரிக்காவுக்குப் பயணம் போனபோது யுங் ஒரு கனவு கண்டார். தன்னுடையது என்று தோன்றிய, ஆனால் அதுவரை பார்த்திராத ஒரு வீடு. கீழே இறங்க இறங்கத் தளங்கள் பழமையாகிக்கொண்டே போக, கடைசியில் ஒரு குகை, அதில் சிதைந்த இரண்டு மண்டையோடுகள். யாரோ சாக வேண்டும் என்ற மறைவான ஆசை அதில் இருக்கிறது என்று ஃபிராய்டு கருதினார். மனித மனத்தின் அடுக்குகளையே தான் கண்டதாக யுங் கருதினார். கனவுகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த இருவர், ஒரே வீட்டுக்கு இரண்டு பொருள் சொன்னார்கள். அப்படியிருக்க, உங்கள் அத்தையின் வீட்டுக்கு உறவினர் ஒரே நிமிடத்தில் சொன்ன பொருளுக்காக நீங்கள் உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

இன்னொரு சாவு விழும் என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். பெரியவர்கள் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அந்தக் கனவு நிலையில் கழிக்கிறார்கள். கண்ட கனவுகளில் மிகப் பெரும்பாலானவை காலையில் மறந்துபோகின்றன. என்றோ ஒரு நாள் ஏதோ ஒன்று ஒத்துப்போனால் அது மட்டும் ஆயுளுக்கும் நினைவிருக்கிறது; பலிக்காத ஆயிரம் கனவுகளை யாரும் கணக்கு வைப்பதில்லை.

நீங்கள் வேகமாகக் கடந்துபோன ஒரு வரி

கடிதத்தின் முடிவுக்குச் சற்று முன், வேறொன்றைச் சொல்லும் போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: அத்தை மருத்துவமனையில் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பு, "ஒரு நாள் வந்து இந்த பீரோவை ஒழுங்குபண்ணிக் கொடும்மா" என்று கேட்டார், பிள்ளைகளுக்குத் தேர்வு முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டீர்கள். அடுத்த வரியிலேயே வீட்டு வரி ரசீது பற்றிய பேச்சுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் கனமாகத் தெரிந்த இடம் இதுதான்.

கனவில் நீங்கள் திறப்பது பீரோவை. விழித்ததும் உங்களை அழுத்துவது, அனுமதியில்லாமல் திறந்துவிட்டோம் என்ற எண்ணம். ஆனால் அத்தை வாயால் கேட்டது அதைத் திறந்து ஒழுங்குபடுத்தத்தான்; அனுமதி உங்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. உங்கள் குற்ற உணர்வு, செய்த ஒன்றைப் பற்றியதாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறதே தவிர, உண்மையில் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றியது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். படித்ததும் உங்களுக்குள் ஏதாவது அசைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்கள் மனத்தை என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

தேர்வு முடியட்டும் என்று சொன்ன அன்று, அவருக்கு அதிக நாள் இல்லை என்பது உங்களுக்கோ அவருக்கோ தெரியாது. பின்னால் தெரிந்துகொண்ட ஒன்றை வைத்து, அது தெரியாதிருந்த அன்றைய உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 6 ஆண்டுகள் உங்களை வளர்த்தவர், பிள்ளைகளின் தேர்வுக்காக நீங்கள் வரவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இனி என்ன செய்யலாம்?

அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். இதுதான் என் முதல் ஆலோசனை, மற்றவை இதற்குப் பிறகுதான். பகல் நேரத்தில், கணவரையோ நீங்கள் நம்பும் ஒருவரையோ அழைத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் எதையும் எடுக்கவோ ஒதுக்கவோ வேண்டாம். கதவைத் திறந்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். சாமான் அறையின் பின்சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். அழுகை வரலாம், வரட்டும். மறுமுறை போகும்போது பீரோவைத் திறந்து, அவர் கேட்டபடி ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். மடிக்க வேண்டியதை மடித்து, யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்கென்று பிரித்து வையுங்கள். வாசல்படியிலேயே மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். தனியாகப் போராடிப் போவதைவிட, ஆலோசகர் ஒருவரின் துணையோடு படிப்படியாகப் போவது அப்போது நல்லது.

கனவே பெரிய தொல்லையாக இருந்தால், கெட்ட கனவுகளுக்குப் பயன்படும் ஒரு பயிற்சி உண்டு. பகலில் கனவை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்களுக்கு விருப்பமான இடத்தில் அதை மாற்றி எழுதுங்கள். அத்தை அந்த அறையில் இருக்கலாம், நீங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் துணியைத் தைத்து முடிக்கலாம், அல்லது நீங்களே கதவைச் சாத்திவிட்டு வெளியே வரலாம். மாற்றிய கதையை மட்டும் தினமும் பகலில் 10 முதல் 20 நிமிடங்கள் கண்மூடி மனத்தில் ஓட்டிப் பாருங்கள். சில வாரங்களில் கனவின் கடுமை பலருக்குக் குறைகிறது. இது வேண்டாம், கனவிலாவது அந்த வீட்டைப் பார்க்கிறேனே என்று தோன்றினால், செய்ய வேண்டாம். இறந்தவரோடுள்ள பந்தத்தை அறுத்தால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அந்தப் பந்தத்தை வேறு உருவில் தொடர்வது பலருக்கு இயல்பானது, நன்மையானதும்கூட என்ற கருத்து 1990-களிலிருந்து வலுப்பெற்றிருக்கிறது.

வீடும் சாவியும்

விற்பதா வேண்டாமா என்பதைக் கனவிடம் கேட்காதீர்கள். அது உங்கள் அண்ணனோடும் மற்ற வாரிசுகளோடும், பகலில், கணக்கும் ஆவணமும் வைத்துப் பேச வேண்டிய விஷயம். உங்களுக்கு எவ்வளவு பங்கு, யாருடைய கையொப்பம் தேவை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கனவுக்குப் பொருள் தெரியும்வரை என்று நீங்கள் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது: அப்படி ஒரு பொருள் தெரியும் நாள் வரப்போவதில்லை, ஆகவே அது முடிவில்லாத தவணை. மற்றவர்களுக்கு அது பிடிவாதமாகவோ, சொத்தின் மேல் கண் என்றோகூடத் தோன்றலாம். ஒரு நல்ல குடும்பம் அதனால் முறிந்துபோனால் இழப்பு இரண்டாகும். அதே நேரம், அவசரப்பட்டு ஒரே நாளில் ஆள் வைத்துக் காலி செய்ய நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. "எனக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து அழ இன்னும் நேரம் கிடைக்கவில்லை அண்ணா, 2 மாதம் கொடுங்கள், இந்தத் தேதிக்குள் நானே கூட நின்று காலி செய்து தருகிறேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். கனவைக் காரணம் காட்டி மறுத்தபோது கிடைக்காத புரிதல், துக்கத்தை வெளிப்படையாகச் சொல்லும்போது கிடைக்க வாய்ப்பு அதிகம். தையல் இயந்திரம் உங்களுக்கு வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேளுங்கள்.

மாத்திரையும், மருத்துவரிடம் போக வேண்டிய நேரமும்

மாமியாரின் தூக்க மாத்திரையை இனித் தொடாதீர்கள். ஒருவருடைய வயது, உடல்நிலை, சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து எழுதப்பட்டது அது. இன்னொருவருக்கு அது எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இத்தகைய மாத்திரைகளில் பல, சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை. விட்டதும் உறக்கம் கெட்டு, கனவுகள் முன்னைவிட அழுத்தமாகத் திரும்புவதும் உண்டு. எப்போதாவது பாதி மாத்திரை எடுத்த உங்களுக்கு நிறுத்துவதில் பொதுவாகச் சிரமம் இருக்காது. ஆனால் கடிதத்தில் எழுதியதைவிட அடிக்கடி, அநேகமாகத் தினமும் எடுத்து வந்திருந்தால், சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் கனவுகளைத் தீவிரமாக்கக் கூடும் என்பதால், அண்மையில் ஏதேனும் புது மருந்து தொடங்கினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள்.

துக்கமே நோயாக மாறும் நிலை ஒன்று இருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், 2022-ல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறையும் ஏற்கின்றன. முதலாவது குறைந்தது 6 மாதங்களையும் இரண்டாவது பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதங்களையும் எல்லையாக வைக்கின்றன. ஆனால் மாதக்கணக்கு மட்டும் போதாது. அநேகமாக ஒவ்வொரு நாளும் மனம் அவரையே நாடித் தவிப்பது, அவர் போய்விட்டார் என்பதை நம்ப முடியாமல் இருப்பது, நினைவூட்டும் எதையும் அறவே தவிர்ப்பது, வாழ்வே பொருளற்றதாகத் தோன்றுவது போன்றவை சேர்ந்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால்தான் அது நோய். உங்களிடம் வீட்டைத் தவிர்ப்பது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மேலே சொன்னவற்றை 2 மாதங்கள் செய்து பார்த்தும் உறக்கத்தைக் கண்டு அஞ்சுவது குறையவில்லை என்றாலோ, விழித்திருக்கும்போதே அந்த இருமல் கேட்டு நீங்கள் கலங்கினாலோ, கனவில் கைகால்களை வீசி அடிபடும் அளவுக்குப் போனாலோ மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அத்தையோடே போய்விட வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் அன்றே கணவரிடம் சொல்லி, அன்றே மருத்துவரிடம் போங்கள். போகும்போது இதுவரை விழுங்கிய மாத்திரையின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.